வால் மெலிந்த கையெழுத்து

ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸில் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டவர்கள் என்னோடு ஒரே மெஷினில் நின்றவர்கள். நான் சேர்த்துவிட்ட நாளில் மீசை அரும்பாமல் இருந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. புதிதாக வந்த மெஷினில் கேமரா இருக்கிறதாம். ஓடுகிற ஒவ்வொரு ஷீட்டையும் அதுவே பார்த்து, கலர் ஏறினால் குறைத்து, குறைந்தால் ஏற்றிக்கொள்கிறதாம். இனிமேல் ஓகே ஷீட்டில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "அண்ணாச்சி, நீங்க இருபது வருசத்துக்கு மேல கையெழுத்துப் போட்ட ஆளு. அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் போன மாதம் நான் கிடார் வாங்கப் போன கதையோடு சேர்த்துத்தான் எழுத முடியும். ரிட்டயர் ஆன மனுஷனுக்குக் கிடார் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். நாரணாபுரத்தில் என் தெருக்காரர்கள் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று.

என் மனைவி பாக்கியம், பழைய கிரைண்டர் ஒன்று தேடுவதற்காக விருதுநகர்க்காரர்களின் வாட்ஸப் குரூப் ஒன்றில் சேர்ந்திருந்தாள். கட்டில், பீரோ, தையல் மெஷின் என்று அதில் தினமும் படம் வரும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனை என் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"ஏங்க, இங்கன பாருங்க. கிடார் போட்டிருக்காக. ஒண்ணுக்கு ரெண்டு."

சூலக்கரையில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பெயர் தாமோதரன், சென்னைக்கு மாற்றலாகிப் போகிறார். அங்கே சின்ன வீடு. இரண்டு எலெக்ட்ரிக் கிடார்களில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும். இரண்டும் ஒரே கம்பெனி. ஒன்று கறுப்பு, சாதா மாடல். இன்னொன்று பச்சை, சிக்னேச்சர் மாடல். பேர்பெற்ற ஒரு கிடார்காரர் தனக்குப் பிடித்த மாதிரி செய்யச் சொல்லி, அவருடைய கையெழுத்தைத் தலைப்பகுதியில் அச்சிட்டு விற்பதற்குப் பெயர் சிக்னேச்சர் மாடல். விலை சாதாவைப்போல் ரெட்டிப்பு. எது வேண்டுமோ அதை வாங்குகிறவர் எடுத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

பச்சைக் கிடாரைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிடாரை நான் அச்சடித்திருக்கிறேன்.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பது வயதில் பேப்பர் ஏற்றுகிறவனாகப் பிரஸ்ஸில் சேர்ந்தேன். ஆறு மாதம் டச்சிங் பிரிவில் உட்காரவைத்தார்கள். அச்சுப் பிளேட் எடுக்கிற ஃபிலிமில் கீறலோ ஓட்டையோ இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பு மை தொட்டு அடைப்பதுதான் அங்கே வேலை. கை நடுங்காதவன் என்று அங்கே எனக்கு ஒரு பெயர். பிறகு மெஷினுக்கு உதவியாள், அப்புறம் மெஷின்மேன். இதற்கு எட்டு வருஷம் ஆனது, அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எல்லோரும் வாங்கிய திட்டைத்தான் நானும் வாங்கினேன்.

அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயில் கொடை விழாக்களிலும் நான் வேறு ஆள். ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டாவது கிடார் வாசித்தேன். முதல் கிடார்காரரிடம் எலெக்ட்ரிக் இருந்தது. என்னிடம் இருந்தது சாதாரண மரக் கிடார், அதன் வயிற்றில் ஒரு மைக்கைச் செருகி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்போம். மல்லாங்கிணற்றில் ஒரு பொங்கலுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது டேப் பிய்ந்து மைக் உள்ளே விழுந்துவிட்டது. கிடாரைக் குலுக்கக் குலுக்க லவுட்ஸ்பீக்கரில் இடி இடித்த மாதிரி சத்தம். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரஸ்ஸுக்கு அந்தப் போஸ்டர் ஆர்டர் வந்தது. குழந்தை, ரோஜாப்பூ, நீர்வீழ்ச்சி, சாமி படம் எல்லாம் அடிக்கிற இடத்தில் ஒரு வெளிநாட்டுக் கிடார்காரர், தலைமுடி பறக்க, பச்சைக் கிடாரோடு. மூலப்படம் ஒரு பத்திரிகைத் தாள், மடிப்பு விழுந்தது. அந்தப் பச்சையைக் கொண்டுவர அரை நாள் ஆயிற்று. மஞ்சளைத் தூக்கினேன், நீலத்தை இறக்கினேன், திரும்ப ஏற்றினேன். அப்படி ஒரு கிடாரை ஒரு நாள் கையில் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஆசை போகவே இல்லை. கீபோர்டு வந்து குழு கலைந்தது, மரக் கிடாரின் கழுத்து வளைந்தது, கல்யாணம், பிள்ளைகள், அவர்களுடைய கல்யாணம். ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் போஸ்டரைப் பாஸ் பண்ணியவர் நமச்சிவாயம் சார், எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். அவரைப் பற்றி எழுதாமல் ஓகே ஷீட்டைப் பற்றி எழுத முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஆர்டர் மெஷினில் ஏறியதும் முதலில் வேஸ்ட் தாளில் ஓட்டி, நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பார்ப்போம். எல்லாம் ஒழுங்காக வந்தபிறகு நல்ல ஷீட் ஒன்றை எடுத்து மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்து, ஓரத்தில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டால் அதுதான் ஓகே ஷீட். அதை மெஷினுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டிவிடுவோம். அப்புறம் ஓடுகிற லட்சம் ஷீட்டும் அதைப்போல இருக்க வேண்டும். தப்பு வந்தால் அந்தக் கையெழுத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நமச்சிவாயம் சார் அதிகம் பேச மாட்டார். ஷீட்டைக் கையில் வாங்கியதும் ட்யூப் லைட்டில் பார்க்க மாட்டார். வெளியே வராந்தாவுக்கு எடுத்துப் போவார், வெளிச்சம் சீராக விழும் வடக்குப் பக்கம் திரும்பி நிற்பார். சட்டைப் பையில் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று லென்ஸ், எட்டணாக் காசு அகலத்தில். இன்னொன்று சாம்பல் நிற அட்டைத் துண்டு, நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம். அந்த அட்டையால் படத்தில் இருக்கிற பேரை மூடிவிடுவார். கம்பெனி பேர், பிராண்டு பேர், எதுவானாலும் மூடிவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பார்.

"பேரைப் பாத்தா கண்ணு அங்கனயே போய் உக்காந்துக்கிடும்லே. பெரிய கம்பெனின்னா கலரும் நல்லா இருக்க மாதிரியே தெரியும். பேரை மறைச்சுட்டுப் பாரு. அப்பத்தான் ஷீட்டு தெரியும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டார். நன்றாக இல்லாவிட்டால் ஷீட்டை நாலாக மடித்து நம் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த மடித்த ஷீட்டோடு மெஷினுக்குத் திரும்பி நடப்பதைவிட அவர் கன்னத்தில் ரெண்டு விட்டிருந்தால் தேவலை என்று இருக்கும்.

நான் மெஷின்மேன் ஆன மூன்றாவது சீசன் அது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால். எங்களுக்குப் பெரிய பார்ட்டி ஒரு கம்பி மத்தாப்பு கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனென்று பிறகு தெரியும். அந்தக் கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மனைவிதான் கம்பெனியை நடத்தினார். முதலாளியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர்கள் பெட்டி லேபிளின் அடியில் பெரியவருடைய கையெழுத்து இருக்கும், அதற்குக் கீழே 'இந்தக் கையெழுத்தைப் பார்த்து வாங்கவும்' என்று ஒரு வரி. போலி லேபிள் அடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்த காலம், அதனால் பல கம்பெனிகளில் அந்த வழக்கம் உண்டு.

பெரியவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். கடைசி எழுத்து 'ம்' முடிந்ததும் பேனாவை எடுக்காமல் அப்படியே கீழே இறக்கி, முழுப் பேருக்கும் அடியில் இடது பக்கமாக ஒரு வால் இழுத்து நிறுத்துவார். அந்த வாலுக்குத்தான் கேடு வந்தது. அந்த வருஷம் ஆடியிலேயே மழை. ஃபிலிம் வைத்திருந்த கவருக்குள் ஈரம் போய், கவரில் ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது கையெழுத்தின் வால் பாதி கவரோடு போய்விட்டது.

லோடு அனுப்ப நாள் நெருங்கிவிட்டது. டச்சிங் ஆள் காய்ச்சலில் கிடந்தான். மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளியம்மாவிடம் பெரியவருடைய பழைய கடிதம் ஒன்று கேட்டு வாங்கி, புதிதாக ஃபிலிம் எடுத்திருக்கலாம், ஒரு நாள்தான் கூடுதலாக ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. கை நடுங்காதவன் என்ற பெயர் இருக்கிறதே, அது சும்மா விடவில்லை. பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இருந்த பாதி வாலிலிருந்து மீதியை நானே வரைந்தேன். ஒரே இழுப்பு. பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றி, ஷீட்டைக் கொண்டுபோய் நமச்சிவாயம் சார் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் வராந்தாவுக்குப் போனார், வடக்கே திரும்பினார். அட்டையை எடுத்து மேலே பிராண்டு பேரை மூடிப் பார்த்தார். பிறகு கீழே கையெழுத்தை மூடிக்கொண்டு மற்றதைப் பார்த்தார். கையெழுத்தும் பேர்தானே! லென்ஸை வைத்துச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு, ஓரத்தில் நேரத்தைக் குறித்து ஓகே போட்டார். நான் வரைந்த வாலை அவர் பார்க்கவே இல்லை.

இருபது நாள் கழித்து ஒரு காலை, பதினோரு மணி இருக்கும், முதலாளியம்மாவின் கார் வந்து நின்றது. அவர்கள் பிரஸ்ஸுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரே ஒரு மத்தாப்புப் பெட்டி. மெஷின் சத்தத்தில் பேச முடியாது என்று மேனேஜர் கையைக் காட்டினார், நான் மெஷினை நிறுத்தினேன். அப்புறம் அவர்கள் பேசியது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது.

"அண்ணாச்சி, இது யாரு போட்ட கையெழுத்து?"

"அய்யா போட்டதுதாம்மா. பழைய ஃபிலிம்தான்."

"இல்ல. அவுக முடிக்கிறப்ப பேனாவை அமுக்கி நிப்பாட்டுவாக. தாளு பின்பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்கும். இதுல முடி மாதிரி மெலிஞ்சு போகுது பாருங்க. செக்குல எத்தனை வருசம் பாத்த கையெழுத்து, எனக்குத் தெரியாதா?"

நமச்சிவாயம் சார் லென்ஸை எடுத்துப் பெட்டிமேல் வைத்துக் குனிந்தார். எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்கு அது ஒரு ஷிப்ட் மாதிரி இருந்தது. நிமிர்ந்தபோது என்னை ஒரு தடவை பார்த்தார். பிரஷ் பிடித்த கை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பாஸ் பண்ணது நான்தாம்மா. ஷீட்டுல என் கையெழுத்து இருக்கு. தப்பு என் பேர்லதான்" என்றார்.

"வரைஞ்சது யாரு?"

"எங்க பிரஸ்ஸுக் கைதாம்மா."

ஒரு எட்டு முன்னால் வைத்து 'நான்தான் அம்மா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையில் இருந்த வேஸ்ட் துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன். "லோடு போயிருச்சு, இனிமே என்ன செய்ய. சீசன் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்கள்.

வராந்தாவில் மேனேஜர் காலில் விழப் போனேன். பிடித்துத் தள்ளிவிட்டார்.

"ஏலே, நீ வரைஞ்சது தப்பு. சொல்லாம வரைஞ்சது அதைவிடத் தப்பு. ஆனா மறைச்சுட்டுப் பாத்தவன் நான்லே. அம்புட்டு பேருக்கும் பேரை மறைச்சுப் பாருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பேர்லயே தப்பு இருந்தா எங்க போய்ப் பாக்க?"

அன்றிலிருந்து அவர் பார்க்கும் முறை மாறியது. முதலில் வழக்கம்போலப் பேரை மூடிவிட்டுப் பார்ப்பார். பிறகு இன்னொரு அட்டையில் வெட்டிவைத்த ஒரு ஜன்னலை வைத்து, பேரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடி, லென்ஸில் பேரை மட்டும் பார்ப்பார். இரண்டும் முடிந்த பிறகுதான் கையெழுத்து. அவர் ஓய்வு பெற்றபோது அந்த இரண்டு அட்டைகளையும் லென்ஸையும் என்னிடம் கொடுத்தார். அவர் இடத்தில் நின்று நானும் இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பார்த்தேன். தம்பிகளே, நீங்கள் பின்னால் நின்று கேலி செய்த 'ஜன்னல் அட்டை' வந்த கதை இதுதான்.

தீபாவளி முடிந்ததும் அம்மா திரும்ப வந்தார்கள், பெரியவருடைய பழைய கடிதத்தோடு. அதிலிருந்து நிஜக் கையெழுத்தைப் புது ஃபிலிம் எடுத்து, ஒரு லேபிள் அடித்து, நான் வால் வரைந்த லேபிளோடு சேர்த்து மேஜையில் வைத்தோம். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி. இந்த சீசன் முழுக்க ஊர் ஊரா அந்த வால்தான் போயிருக்கு. இப்பப் போய் நிசத்தைப் போட்டா கடைக்காரன் இதைத்தான் போலின்னு சொல்லுவான். அதுவே இருக்கட்டும்." கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். "எவன் வரைஞ்சானோ, பயந்து வரையலை."

அப்போதும் நான் அங்கேதான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா எத்தனையோ வருஷம் இருந்தார்கள், எத்தனையோ தடவை எதிரே பார்த்து வணக்கம் சொன்னேன். சொல்ல முடியவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பெட்டி கடைகளில் வருகிறது, இன்றைக்கும் அதில் இருப்பது என் வால்தான். தீபாவளிக்குத் தீபாவளி அந்தப் பெட்டியைத்தான் வாங்குவேன். காலிப் பெட்டியில் பாக்கியம் ஊசி, நூல்கண்டு, கத்தரிக்கோல் போட்டுத் தையல் மெஷின்மேல் வைத்துக்கொள்வாள். கையெழுத்து தெரியாமல் நான் அதைக் கவிழ்த்துவைப்பேன். "ஊசி கொட்டுது, எதுக்கு இப்படிக் கவுத்துக் கவுத்து வைக்கீக?" என்று அவளிடம் திட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. காரணத்தை அவளிடமும் சொன்னதில்லை.

இப்போது கிடாருக்கு வருகிறேன். வியாழன் போய் வெள்ளி, வெள்ளி போய் சனி. பச்சையா, கறுப்பா, எதுவுமே வேண்டாமா? இந்த வயதில் ஒரு பேருக்காக ரெட்டிப்பு கொடுப்பது வெட்டி ஜம்பம் இல்லையா? அதே கம்பெனி, அதே மரம். வாழ்நாள் முழுக்கப் பேரை மறைத்துப் பார்த்தவன் கடைசியில் பேருக்குப் போய் விழுவதா? இன்னொரு பக்கம், முப்பது வருஷ ஆசை. இப்போது விட்டால் இனிமேல் எப்போது? வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

"வாங்குறதுன்னா வாங்குங்க, வேண்டாம்னா விடுங்க. அதுக்கு எதுக்கு வீட்டை இம்புட்டு சுத்து சுத்துறீக? எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது" என்றாள் பாக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

சூலக்கரையில் தாமோதரன் வீட்டில் பாதிச் சாமான்கள் மூட்டையாகிக் கிடந்தன. கோயம்புத்தூர்க்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். "வாங்க சார், வாங்கம்மா, உட்காருங்க" என்று இரண்டு கிடார்களையும் கட்டில்மேல் எடுத்துவைத்தார். பச்சையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அரை நாள் பாடுபட்டுக் கொண்டுவந்த பச்சை இது இல்லை. நான் அடித்ததில் நீலம் ஏறியிருந்தது. இது மழைக்குப் பிறகு வருகிற இளம் புல்லின் பச்சை. நமச்சிவாயம் சாரும் நானும் சேர்ந்து தப்பான பச்சையைத்தான் ஊரெங்கும் சுவரில் ஒட்டவைத்திருக்கிறோம்.

கைக்குட்டையை எடுத்து, பச்சைக் கிடாரின் தலையில் கையெழுத்து மறையும்படி சுற்றிக் கட்டினேன். தாமோதரன் ஒன்றும் புரியாமல் பாக்கியத்தைப் பார்த்தார். "அவுக அப்படித்தான்" என்றாள் அவள்.

சின்ன ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாசித்தேன். விரல் நுனியில் பழைய காய்ப்பு எல்லாம் போய்விட்டது, கம்பி சுருக்கென்று ஏறியது. முதலில் கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்தேன், பிறகு குழுவில் எப்போதும் முதலில் வாசிக்கிற நாலு வரி. பாதியில் விரல் வழி மறந்தது. திரும்பப் பிடித்தேன். அடுத்து கறுப்பை எடுத்து அதையே வாசித்தேன். மாறி மாறி மூன்று தடவை. உண்மையைச் சொல்ல வேண்டும்: இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கறுப்பின் கழுத்து என் கைக்குக் கொஞ்சம் எளிதாகக்கூட இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது கிடாருக்காக இல்லை, விரல் இன்னும் போகிறதே என்பதற்காக.

"சார், எனக்குக் கறுப்பு போதும்" என்றேன். தாமோதரன் முகத்தில் நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை. பாக்கியம் பையைத் திறந்தாள்.

கைக்குட்டையை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதுதான் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது என்று ஞாபகம் வந்தது. பேரை மறைத்துப் பார்த்தாயிற்று. பேரை மட்டும் பார்க்கவில்லை. வாங்கப் போவதில்லை என்று ஆனபிறகு எதற்கு என்று கேட்கலாம். பழக்கம், வேறொன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்து நமச்சிவாயம் சாரின் லென்ஸை எடுத்து, கிடாரின் தலையில் வைத்துக் குனிந்தேன்.

ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றும் பேனாவில் போட்டவை. வளைகிற இடத்தில் மை தேங்கியிருக்கிறது, நிறுத்துகிற இடத்தில் மொட்டையாக நிற்கிறது. அவர் அழுத்திப் போடுகிற ஆள் என்று தெரிந்தது. கடைசி எழுத்திலிருந்து பேருக்கு அடியில் ஒரு கோடு ஓடுகிறது. அதில் பாதி தூரம் வரை அதே பேனா. அப்புறம் ஒரு இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு தடிப்பு, இரண்டு கோடுகள் ஒட்டிய இடம். அதற்குப் பிறகு கோட்டின் அகலம் வேறு. போகப் போக மெலிந்து, முடி மாதிரி மெலிந்து, காணாமல் போகிறது. பேனா அப்படி முடியாது. பிரஷ்தான் அப்படி முடியும்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அவரே வேறு பேனாவை எடுத்து இழுத்திருக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் ஷீட்டைப் பார்த்த கண் எனக்குச் சொன்னது இதுதான்: எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், ஆர்டர் நெருக்கடியில், வால் போன ஒரு கையெழுத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, கை நடுங்காதவன் என்று பெயரெடுத்த ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியை வரைந்திருக்கிறான். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். உலகம் முழுக்கக் கடை கடையாக அவனுடைய வால் தொங்கிக்கொண்டிருக்கிறது, பேர் இன்னொருவருடையது.

நிமிரவே முடியவில்லை எனக்கு. "என்ன சார், ஏதாவது டேமேஜா?" என்று தாமோதரன் பதறினார்.

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதுதான் வேணும்" என்றேன். பேரை மறைத்துப் பார்த்தபோது கறுப்பு, பேரை மட்டும் பார்த்தபோது பச்சை. நமச்சிவாயம் சார் இருந்திருந்தால் ஷீட்டை மடித்திருப்பாரா, கையெழுத்துப் போட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் கிடாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். சாத்தூர் ரோடு தாண்டும்வரை பாக்கியம் பொறுத்துப் பார்த்தாள்.

"கறுப்புன்னு சொன்னீக. அந்தக் கண்ணாடியை வச்சுக் குனிஞ்சீக. எந்திரிக்கயில பச்சைன்னுட்டீக. அதுல அப்படி என்ன எளுதியிருந்துச்சு?"

சொன்னேன். கிடாரில் ஆரம்பித்து, ஈரம் பட்ட ஃபிலிம், பிரஷ், முதலாளியம்மா, நமச்சிவாயம் சார், வேஸ்ட் துணி, நான் திறக்காத வாய், எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. முடித்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமோ என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினதோடு நேரே தையல் மெஷினுக்குப் போனாள். கவிழ்ந்து கிடந்த மத்தாப்புப் பெட்டியை எடுத்தாள். ஊசியையும் நூலையும் மேஜைமேல் கொட்டினாள். என் சட்டைப் பையிலிருந்து அவளே லென்ஸை எடுத்து, பெட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தாள். அவளுக்கு லென்ஸ் பிடிக்கத் தெரியாது, கண்ணுக்கு ரொம்பத் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"இத்தனை தீவாளிக்கு என் கையிலயே குடுத்திருக்கீக" என்றாள். இன்னொரு தடவை பார்த்தாள். "நல்லாத்தான வரைஞ்சிருக்கீக."

பிறகு ஊசி, நூல்கண்டு, கத்தரிக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினாள். கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி நிமிர்த்தி, தையல் மெஷின்மேல் வைத்தாள்.

அன்றிலிருந்து அது அப்படியே இருக்கிறது. நான் கவிழ்க்கவில்லை.